ரேவதியின் ஸ்டாண்டில் ஒரு புழு

வெள்ளி, பௌர்ணமி

விடிந்ததிலிருந்தே புழுக்கம். வேங்கிக்காலில் ஒரு ஆட்டோ இல்லை. "கிரிவலம்மா, டவுனுக்குள்ள விடமாட்டாங்க" என்றார் டீக்கடைக்காரர். நடை. லேப் போய்ச் சேர மதியம். என் பாட்டிலில் காலையில் கூட்டைவிட்டு வந்த பழ ஈக்கள் ஆணும் பெண்ணுமாய்க் கலந்து கிடந்தன. வந்த சில மணி நேரத்துக்குள் பெண்ணைத் தனியே பிரித்தால்தான் கன்னி ஈ. இனி எதற்கும் ஆகாது. ஈக்களும் கம்மி. என் நேரம்.

ரேவதிக்கு ரமணாசிரமம் பக்கம் அறை, லேபுக்கு நடக்கிற தூரம். விடியற்காலையே எல்லாம் பிரித்து, ஸ்டாண்டு நிறைய ட்யூப் அடுக்கிவிட்டாள். போன் செய்து எனக்கும் பிரிக்கச் சொல்லியிருக்கலாம். என்னைவிட ஒரு வருஷம் ஜூனியர். அவளிடமா?

"மலர்க்கா, மூஞ்சே வாடிப்போச்சு. மோர் குடிக்கிறீங்களா?"

குடித்தேன். அதுவும் எரிச்சல்.

சனி

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. வாங்க: ஈஸ்ட், பஞ்சு, அம்மாவுக்கு பிபி மாத்திரை.

பெங்களூர் ஆராய்ச்சி மீட்டிங்குக்கு எங்கள் கைடு மேடம் ஒருத்தரைத்தான் கூட்டிப்போவாராம். யாருடைய ஈக் கலப்பு ஒழுங்காக வருகிறதோ, அவர்.

அங்கே பேச எழுதிப் பார்த்தது: ஈயின் சினைப்பையில், முட்டையாகப்போகும் செல்லில், நீளமான ஆர்என்ஏ இழை உருவாகிறது. உட்கருவை ஒட்டிய இடத்தில் புரதங்கள் அதைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. அவைதான் குட்டி ஆர்என்ஏ. இடம் விட்டு இடம் தாவிக் கெடுக்கும் மரபணுக்களின் இழையை இவை கண்டுபிடிக்க, புரதம் வெட்டுகிறது. வெட்டியதிலிருந்து இன்னும் குட்டிகள். அம்மா இவற்றை முட்டைக்குள் வைத்து அனுப்புகிறாள். அப்பா தருவதில்லை. தாவும் மரபணு அப்பாவிடமிருந்து வந்து, அம்மாவிடம் இவை இல்லாவிட்டால் மகளின் சினைப்பை சுருங்கிப்போகும். அதனால் யார் அம்மா, யார் அப்பா என்பதில் கலப்படம் கூடாது.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். மேடம் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

திங்கள்

நல்ல வெயில். ரேவதி சாப்பிடப் போனபோது அவள் ஸ்டாண்டைப் பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான். கடைசி ட்யூபில், தீனிமேல் புழு நெளிகிறது. கன்னி ஈயின் முட்டை பொரியாது. புழு என்றால் உள்ளே ஒருத்தி ஏற்கெனவே ஆணோடு சேர்ந்தவள். அந்த ட்யூபே வேஸ்ட்.

சொல்லவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வரும் வழியில் மைசூர்பாக் வாங்கினேன். "என்னடி விசேஷம்?" என்றாள் அம்மா. சும்மா.

செவ்வாய்

தலைவலி என்று லீவு. பொய். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

புதன்

வானம் மப்பு. மேடம் முன்னாலேயே ரேவதி ஒரு புது பாட்டிலை என் மேசையில் வைத்தாள். உள்ளே ஈக்கள். மேலே என் பெயர், அவள் கையெழுத்தில்.

"பௌர்ணமிக்கு உங்களால வர முடியாதுனு தெரியும்க்கா. உங்க பாட்டில்லயிருந்தும் பிரிச்சு, என் ஸ்டாண்டுல கடைசி ரெண்டு ட்யூப்ல வச்சிருந்தேன். சரியா வந்தா சொல்லலாம்னு இருந்தேன். நேத்து நீங்க வரல, நானே ரெண்டு ட்யூப் ஈயையும் இந்த பாட்டில்ல ஆண் ஈங்களோட சேத்துட்டேன். பழைய ட்யூபெல்லாம் கழுவியாச்சு."

"புழு எதுவும் இல்லியே?" என்றார் மேடம்.

"நேத்து கரண்ட் இல்ல மேடம், செல்போன் லைட்லதான் பாத்தேன். ஒண்ணும் தெரியல."

என் வாய் முந்திக்கொண்டது. "கடைசி ட்யூப்ல இருந்துச்சு மேடம். திங்கக்கிழமையே பாத்தேன்."

மேடம் என் பெயர் எழுதிய பாட்டிலை எடுத்துக் கழிவு ட்ரேயில் வைத்தார். ரேவதி என்னையே பார்த்தாள்.

"திங்கக்கிழமையேவாக்கா?"