புகை மேலே போகாத இடம்

நாள் 9, காலை

இதைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும்: நான் ஞானதுரை. தூத்துக்குடியில் ஓட்டல் சமையலறைச் சாமான் விற்பவன். நிலவைச் சுற்றும் இந்த நிலையத்தின் சமையலறைக்குப் புகை இழுக்கும் ஹூட் மாட்ட வந்தேன். கூட வந்த இரண்டு பிட்டர்களில் ஒருவனுக்குக் குடல்வால் வீங்கி, மற்றவன் அவனைக் கூட்டிக்கொண்டு பூமிக்கு இறங்கிவிட்டான். இன்னும் யாரும் குடிவராத நிலையத்தில் நான் மட்டும் நின்றுகொண்டேன். பாதி மாட்டிய ஹூடை விட்டுப் போனால் அடுத்த ஆர்டர் எவன் தருவான்.

அடுப்புக்கு மேல் இரண்டரை அடியில் ஹூட். புகை போகும் டக்ட் குழாய் சரி. காற்றை வெளியே தள்ள வழியில்லை; கரி வடிகட்டி வழியாக அறைக்கே திரும்பும். மோட்டார் சத்தம் சீர்.

நாள் 10, பகல்

மூடிய சட்டியில் கடுகும் மிளகாயும் தாளித்துத் திறந்தேன். புகை மேலே போகவில்லை. எடையே இல்லாத இடத்தில் மேலென்ன கீழென்ன. சட்டியைச் சுற்றிப் பந்து மாதிரி நின்றது. முப்பது வருஷமாக நான் விற்றது பாதி வேலைதான். மீதிப் பாதியை ஊரில் புகையே தானாக மேலேறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே தங்கப்போகிறவர்களோடு விண்கப்பலில் வந்துகொண்டிருக்கும் தலைமைச் சமையல்காரி செண்பகவல்லிக்கு ரேடியோவில் சொன்னேன். கோவில்பட்டிக்காரி.

"இது தெரியாமலா அண்ணாச்சி இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

ஹூடை ஒரு சாண் இடைவெளிக்கு இறக்கினேன். இழுக்கிறது.

நாள் 12, இரவு

சூரியத் தகடுகளில் ஒரு பக்கம் மடங்கிக்கொண்டது. கரண்ட் பாதி போச்சு. நிலையத்தின் பெரிய விசிறிகள் நின்றுவிட்டன. காற்று நிறைய இருக்கிறது, நகரத்தான் மாட்டேன் என்கிறது. தூங்கினால் நான் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றி நிற்கிறது. நெஞ்சடைத்து எழுந்துகொள்கிறேன். ஓடுவது ஹூட் மட்டும். அதற்குத் தனி பேட்டரி.

அணைந்த அடுப்பின்மேல் பெல்ட்டால் கட்டிக்கொண்டு, ஹூடுக்கு அடியில் படுத்தேன். தூக்கம் வந்தது. விற்ற சரக்குக்கு அடியிலேயே படுத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். சொல்லிச் சிரிக்க ஆளில்லை. இங்கே தும்மினால்கூட யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாள் 14, காலை

கப்பலிலிருந்து: "வழிகாட்டி சிக்னல் வரவில்லை. அது இல்லாமல் நிலையத்தைப் பிடிக்க முடியாது. சுற்றித் தேடவோ திரும்பவோ எரிபொருள் இல்லை."

சிக்னலுக்கு மின்சாரம் வேண்டுமென்றால் ஹூடின் பேட்டரிதான். அதில் இரண்டும் சேர்ந்து ஓடாது. கப்பலில் முப்பத்தெட்டுப் பேர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுத ஆசை. யோசித்தேன். நெடுநேரம் யோசித்தேன்.

வயரை மாற்றிவிட்டேன்.

நாள் 14, மாலை

குண்டான் மூடியால் முகத்துக்கு விசிறிக்கொள்கிறேன். கை ஓயக்கூடாது, கண் மூடக்கூடாது. அதனால் எழுதவில்லை, பேசுகிறேன், பதிவுப் பெட்டி எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் செண்பகவல்லி.

"அண்ணாச்சி, விசிறுதீங்களா?"

"விசிறுறேன் தாயி."

"தூங்கினீங்க, வந்து சட்டியத் தலையில கவுத்திருவேன். வந்ததும் என்ன வைக்கட்டும்?"

"ரசம்."

"ரசத்துக்கா இவ்வளவு பெரிய ஹூட்டு?"

அவள் பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். இணைப்பு அறுந்ததும் இந்த அறை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

நாள் 14, இரவு

சிக்னலைப் பிடித்துவிட்டார்களாம். நேராக வருகிறார்கள். நல்லது.

தலை பாரம். விரல் மரத்துப்போச்சு. உள்ளே வருகிறவர்களுக்கு: முதலில் பேட்டரி வயரை ஹூடுக்கு மாற்றுங்கள். அதுக்கப்புறம்தான் அடுப்பு. மோட்டார் நல்ல மோட்டார். நானே பார்த்து வாங்கினது.

நாள் 15

"நிலையத்து விளக்கு தெரியுது அண்ணாச்சி. கொஞ்ச நேரந்தான். கை ஆடுதா?"

ஆடுது தாயி என்றேன்.

மூடி கதவுப் பக்கம் மிதந்து போய்க்கொண்டிருக்கிறது. தனியா. எப்போ விட்டேன் தெரியலை. எட்டிப் பிடிக்கணும். பெல்ட்டைக் கழட்டினா எட்டும். மறுபடி கேக்கிறாள்.

ஆடுது தாயி. நல்லா ஆடு