மூன்றாவது சரணம்

நொய்கெல்ன், பேர்லின்
12.03.2024

என் அன்பு மகள் கம்சனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். வீட்டுக்கு அனுப்பாமல் உன் வேலையிடத்துக்கு ஏன் கடிதம் வருகிறது என்று நீ திகைப்பாய். தொலைபேசியில் கதைத்தால் மருமகன் கவிஷன் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் வருகிற பதில் நீ எழுதியது மாதிரி இல்லை. அதனால்தான் முத்திரை ஒட்டுகிறேன். வாசித்துவிட்டு இதை அங்கேயே வைத்துவிட்டுப் போ.

இங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. அப்பாவின் முழங்கால் நோ குறையவில்லை. டொக்டரைப் பார்க்க டெர்மின் ஜூன் மாதம்தான் கிடைத்தது. அதுக்குள்ளை முழங்கால் சுகப்படும், இல்லாட்டி நான் போய்ச் சேர்ந்திடுவன் என்று பகிடி விடுகிறார். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் உனக்கென்று ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ அப்பாவுக்கு அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான் எழுத வந்தேன். உங்கள் டார்ம்ஸ்டாட்டில் கௌபோய்த் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நடுவில் நீ கிற்றாரோடு நின்று உன் சொந்தப் பாட்டைப் பாடியதை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கு ஜெர்மன் ஓடும், இங்கிலீஷ் ஓடாது என்று உனக்குத் தெரியும். மெட்டு நல்ல துள்ளலாக இருந்தது. அதைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்கும்போது, என்ரை மகளின்ரை பாட்டைக் கேளுங்கோ என்று போட்டும் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

லலிதா மட்டும் தட்டவில்லை. அவள் ஊரில், இளவாலையில் இங்கிலீஷ் படிப்பித்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் கேட்டாள். பிறகு என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், எவ்லின் அக்கா, இது சந்தோசப் பாட்டு இல்லை, ஒரு பொம்பிளை புருசனுக்குப் பயந்து பயந்து சீவிக்கிற கதை, கடைசியிலை ஆத்துத் தண்ணி ஏறுது எண்டு நிக்குது என்றாள். நான் கோப்பியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன். அவர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது பைக்குள் இரண்டு உடுப்பும் ஆறு கசெற்றும்தான் இருந்தன. ஆறும் அந்த அமெரிக்கக் கன்ட்ரிப் பாட்டுகள். நீ சின்னப்பிள்ளையாய் அவர் மடியில் இருந்து கேட்டவை. காதலித்தவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறவன், விடிந்தால் தூக்கில் தொங்கப்போகிறவன், புருசனுக்குத் துவக்கோடு காத்திருக்கிறவள் என்று எல்லாம் சாவு. மெட்டு மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. பிள்ளைக்கு இந்தக் கொலைகாரப் பாட்டுகளைப் போடாதையுங்கோ என்று நான் எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன். அப்பா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார், உனக்கும் சொல்லித் தந்தார். முதல் சரணத்தில் வீடு, இரண்டாவதில் பிணக்கு, மூன்றாவதில்தான் என்ன நடந்தது என்று வரும்.

நீ இரண்டு சரணம்தான் பாடியிருக்கிறாய். மூன்றாவது இன்னும் எழுதவில்லை என்று சிரித்துக்கொண்டு சொல்ல, சனமும் சிரிக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது சரணத்தில் ஆற்றோடு போகிறவர் யார்? அவனா, அவளா? டார்ம்ஸ்டாட்டில் சொல்லும்படி ஆறு ஒன்றும் இல்லை என்று அப்பா வரைபடத்தில் பார்த்துச் சொன்னார். ஆறு இல்லாத ஊரில் ஆபத்து இல்லையா?

அப்பா என்னைத் தேற்றத்தான் பார்த்தார். எங்கடை கூத்திலையும் கொலை செய்யிற ராசன் நான்தான் செய்தன் எண்டுதானே பாடுறான், பிறகு திரைக்குப் பின்னாலை போய்க் கடலை சாப்பிடுறான், பாடுறவள் செய்யிறவள் இல்லை என்றார். ஓம், செய்கிறவள் இல்லைத்தான். படுகிறவள் இல்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

பிறகு இரண்டாவது சரணத்தை எனக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். கையில் என்ன காயம் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், படியில் விழுந்துவிட்டேன் என்று அவள் சொல்கிறாள். அப்பா அந்த வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். நத்தார்ப் பண்டிகைக்கு நீ மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். படியிலை வழுக்கினது அம்மா என்றாய். நான் எண்ணெய் பூசிவிட்டேன். மகள், உங்கள் வீடு நிலத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. கீழே நிலவறைக் கெல்லருக்கு இறங்கப் படி இருக்கும்தானே என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கெல்லர்க் கதவுத் திறப்பைக் கவிஷன் தொலைத்து ஒரு வருசம் என்று நீதான் சொன்னாய்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அன்றைக்கு அடுப்படியில் நீ, அம்மா, உங்களோடை ஒண்டு கதைக்க வேணும் என்று தொடங்கினாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. புருசன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும், கறி அடிப்பிடிக்குது, கிண்டு என்று சொல்லிவிட்டேன். நீயும் அகப்பையை எடுத்துக் கிண்டினாய். அடி பிடித்தது கறி இல்லை. தாய்க்குச் சொல்ல வந்ததை நான் வாங்காததால்தான் நீ அதைத் தொப்பிக்காரருக்குப் பாடியிருக்கிறாய். அவர்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள், நான் சும்மா கேட்கவும் மாட்டேன் என்றுவிட்டேன். இதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நீ கெட்டிக்காரி. பாட்டு பாட்டுத்தான் அம்மா, நீங்கள் விசரி மாதிரி யோசிக்கிறியள் என்று நீ சொன்னால் நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு நாலு நாள் சிரித்துக்கொண்டு திரிவேன். ஆனால் அதை நீ இங்கே வந்து, மணிக்கட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். பாட்டைக் கவிஷன் கேட்டாரா?

சனம் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. கலியாணத்துக்கு வந்த முந்நூறு பேரில் ஒருவரும் உன்னோடு அந்த வீட்டில் இருக்கவில்லை. வேலையிலிருந்து நேராக ரயில் ஸ்டேசனுக்குப் போ. உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போக வேண்டாம், கிற்றாரையும் விட்டுவிட்டு வா. பாஸ்போட் மட்டும் கையில் இருக்கட்டும்.

அப்பா அந்தப் பாட்டை நேற்று இன்னொரு தடவை தனியக் கேட்டார். கேட்டு முடித்து எங்கள் நிலவறைக்குப் போய், உன் பழைய கட்டிலைத் துண்டு துண்டாகத் தூக்கி வந்தார். நோகிற முழங்காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சின்ன அறையில் அதைப் பொருத்தி முடித்தார். நான் புது விரிப்புப் போட்டிருக்கிறேன்.

தேவதாய் உன் கூடவே வந்து உன்னை எங்கள் வாசலில் விடட்டும். உன் பாட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தாய் இல்லை, கவனித்தாயா? மூன்றாவது சரணத்தை அங்கே எழுதாதே, மகள். இங்கே வந்து எழுது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா எவ்லின்