நைனாவின் கம்ப்யூட்டரில் நான் அழித்தவை

நைனா,

பழைய கம்ப்யூட்டர் மேசையைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று நேற்று இழுப்பறையைக் காலி செய்தேன். உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் கிடைத்தது. ‘டூல்ஸ். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ். டெலிட் குக்கீஸ். டெலிட் பைல்ஸ். கிளியர் ஹிஸ்டரி.’ நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

தாலுகா ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்த விரல்கள் உங்களுடையவை. ஓய்வு பெற்றதும் வாங்கிய கம்ப்யூட்டரை மூன்றே நாளில் வசப்படுத்திக்கொண்டீர்கள். போன் லைனில் இன்டர்நெட் திணறியதால்தான் குக்கீகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அழிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

“இத்த அழிச்சா நாம இன்னா பார்த்தோம்னு யாருக்கும் தெரியாதாம்மா?”

“வீட்டுல யாருக்கும் தெரியாது நைனா.”

சில மாதம் கழித்து, தினமும் அழிக்க ஆரம்பித்தீர்கள். “இன்னாங்க, தெனம் அதையே தொடச்சிகினு கீறீங்க” என்று அம்மா கேட்டால், “மெதுவா ஓடுது” என்பீர்கள்.

ஆடிக் கிருத்திகையன்று தெருவை அடைத்துக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும்போதே கரண்ட் போனது. பூ வாங்கி வருவதாகக் கிளம்பினீர்கள். கரண்ட் வந்ததும், வேலைக்குப் போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்க நான் உட்கார்ந்தேன். மெயில் பக்கத்தைத் தேடி ஹிஸ்டரியைத் திறந்தால், நீங்கள் பார்த்த பக்கங்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் கணையப் புற்றுநோய் பற்றியவை. கடைசிப் பக்கம், எத்தனை மாதம் இருக்கலாம் என்பது. வயிற்றெரிச்சல் என்று சொல்லி நீங்கள் தனியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது அப்போதுதான் உறைத்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் அழித்தேன்.

பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நேரே வந்து உட்கார்ந்தீர்கள். பட்டியல் காலியாக இருந்தது. திரையை விட்டுத் திரும்பாமலே கேட்டீர்கள்.

“நீ எதனா பார்த்தியாம்மா?”

“இல்ல நைனா. மெதுவா இருந்திச்சி, கிளீன் பண்ணேன்.”

“ஆங்” என்றீர்கள்.

மார்கழி வரை இருந்தீர்கள். கார்த்திகையில் நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. நமக்குப் பேச ஐந்து மாதம் கிடைத்தும், ரயில் தாமதத்தையும் என் இன்டர்வியூவையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் என் மணிக்கட்டைப் பிடித்து, “அன்னிக்கி நீ…” என்று தொடங்கினீர்கள். “கஞ்சி ஆறிடும் நைனா” என்று எழுந்துவிட்டேன். பயந்தது நான்தான். அந்தப் பக்கங்களை நீங்கள் ஒற்றை ஆளாகப் படித்திருக்கிறீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் நான்.

“கடைசி வரைக்கும் நம்ம ரெண்டு பேர்கிட்டயும் மறைச்சிட்டாரு பாரு அந்த மனுசன்” என்று அம்மா இன்றும் சொல்கிறாள். தனக்கு மட்டும் தெரியாமல் போகவில்லை என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல். நான் மறுத்ததில்லை. இன்று காலையும் சொன்னாள். “ஆமாம்மா” என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.