ஆற்று மணலில் கிடந்த மோட்டார்

வில்கமுவ
12.08.1964

அன்பு நூருன்னிஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ் பாதி வழியில் நின்றதால் டிராக்டர் பெட்டியில் ஏறி வந்து சேர்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லிப் புறப்பட்டது மனதை அரிக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தார் திருத்தத் தந்திருப்பது நெல் குத்தும் எஞ்சின் அல்ல. உன் தம்பி ஜமால்தீன் ஓட்டிய படகின் மோட்டார், யுத்த காலத்து அந்த இங்கிலீஷ் மோட்டார்தான். ஆறு வற்றியதும் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். அக்கரை ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர வேறு வழியில்லாததால் மழைக்கு முன் அது ஓட வேண்டுமாம். மாமிக்கு இப்போது சொல்லாதே.

ஸக்கரியா

அலுவிகாரை
19.08.1964

அன்பின் மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். என் தம்பியை ஆற்றோடு கொண்டுபோன இரும்பைத் துடைக்க உங்களுக்கு எப்படிக் கை வருகிறது? பெட்ரோல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வெள்ளத்தில் இறங்கினான் என்று எல்லோரும் பேசிவிட்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டு உம்மா வெளியே போவதையே விட்டுவிட்டார். வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள். மாத்தளையில் திருத்துவதற்கு லொறிகளா இல்லை?

நூருன்னிஸா

வில்கமுவ
02.09.1964

அன்பு நூருன்னிஸாவுக்கு,

நீ எழுதியபடி புறப்பட்டேன். பஸ் நிற்கும் இடம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

சிலிண்டரிலிருந்து மணலைச் சுரண்டி எடுத்து, எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவை வெயிலில் காயவைத்துச் சுருளைப் புதிதாகச் சுற்றினேன். வேலை செய்யும்போது முதியான்சே என்ற விவசாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அக்கரையில் படகுக்காகக் காத்து நின்றவர் அவர்தான். "எஞ்சின் நிக்கவே இல்ல பாஸ். கடைசி வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. படகுதான் போகல" என்றார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார்.

எஞ்சின் ஓடியும் படகு போகவில்லையென்றால் கோளாறு எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். அதை இன்னும் கழற்றவில்லை. மூன்று நாளாக ஸ்பானரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

ஸக்கரியா

வில்கமுவ
05.09.1964

நூருன்னிஸா,

இன்று காலை கழற்றினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறியை அதன் தண்டோடு பிடித்து வைக்க ஒரு பித்தளை ஊசி உண்டு. விரல் நீளம்கூட இராது. சென்ற வருடம் நான் அந்த மோட்டாருக்கு வேலை பார்த்தபோது அது தேய்ந்திருந்தது. கொழும்பிலிருந்து புதியது வரும்வரை போதும் என்று அலுமினியக் கம்பி ஒன்றை வெட்டிப் போட்டேன். ஜமால்தீன் குனிந்து பார்த்துவிட்டு, "இது தாங்குமா மச்சான்?" என்று கேட்டான். "தாங்கும், ஓட்டு" என்றேன். பித்தளை ஊசி வந்தது. அனுப்ப மறந்துவிட்டேன். என் கருவிப் பெட்டியிலேயே கிடந்தது.

அந்தக் கம்பி இரண்டாக அறுந்து உள்ளே இருந்தது. பெட்ரோல் காரணமல்ல. அவன் காரணமல்ல. நான்தான்.

சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, துண்டுகளைக் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சரியான ஊசியைப் போட்டுவிட்டேன். நாளை ஆற்றில் இறக்குகிறார்கள். முதலில் நானே ஓட்டிப்போகிறேன்.

ஸக்கரியா

அலுவிகாரை
14.09.1964

மச்சானுக்கு,

கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பி உங்களிடம் கேட்ட இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மூன்று தரம் வாசித்தேன். "கேட்டுத்தான் போயிருக்கான் என் புள்ள" என்றார்.

மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னீர்கள். அதை நினைத்தால் உங்கள் பக்கம் வந்து நிற்கிறேன். கம்பியை நினைத்தால் எழுந்து போய்விடுகிறேன். இப்படியே நாள் போகிறது.

இப்போது வர வேண்டாம். உங்களைப் பார்க்க உம்மாவாலும் என்னாலும் முடியும் என்று தோன்றும்போது நானே எழுதுகிறேன். எப்போது என்று கேட்காதீர்கள். உங்கள் சாரங்களைத் துவைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். மழைக்காலம் வருவதால் தடித்த போர்வையையும் வைத்திருக்கிறேன்.

நூருன்னிஸா