பதினேழாம் எண் ஊசி

மார்ச் 6

என் வாலுத் தங்கச்சிக்கு,

நீ சேர்த்துவிட்ட ஆராய்ச்சியில் முழங்காலுக்கு ஊசி போட்டு இன்றோடு ஒன்பது நாள். கால் வீங்கிக் கிடக்கிறது. உன் அத்தான், "முட்டிக்குள்ள பந்தை ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்கிறார். ஓட்டல் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளுக்கு இது சிரிப்பா?

போனில் கேட்டிருப்பேன். மெஷின் சத்தத்தில் போன காது உன் பேச்சைப் பிடிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றாரே உங்கள் பெரிய டாக்டர். நான் எந்தப் பாதி? என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த பெயின்டர் அண்ணன், கால் வலி அப்படியே இருந்தாலும், வீக்கம் இல்லாமல் நடமாடுகிறார்.

உன் அக்கா

மார்ச் 10

அன்பு அக்காவுக்கு,

பதறாதே. ஐஸ் வை, காலை உயர்த்தி வை, இரண்டு நாள் லீவு போடு. சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

யாருக்கு எது என்பது மூடிய உறைக்குள் இருக்கிறது, எனக்கும் தெரியாது. ஆனால் மருந்து ஊசியில் இருக்கிற ஹயலுரோனிக் அமிலம் நல்லது அக்கா. மூட்டுக்கு எண்ணெய் போடுவதோடு அதன் வேலை முடிவதில்லை. இந்த ஆய்வகத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தைத் தினமும் பார்க்கிறேன். சிலருக்கு மூட்டு தேயாமல் காக்கிற ஆன்டி ஆக்ஸிடன்ட் அளவு ஏறுகிறது, வீக்கத்தைக் கிளப்பிவிடுகிற எதிர்ப்பு அணுக்களின் ஆட்டம் அடங்குகிறது. அவர்களுக்குத்தான் மருந்து போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். உன் காலும் சரியாகிவிடும்.

வாலு

மார்ச் 17

தங்கச்சிக்கு,

சரியாகவில்லை. இங்குள்ள டாக்டர் ஊசியால் நீரை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார். கிருமி எதுவும் வளரவில்லை. பிறகு உங்கள் பெரிய டாக்டருக்குப் போன் செய்து என் உறையைப் பிரிக்கச் சொன்னார். எனக்குப் போனது உப்புத் தண்ணீராம்!

"உப்புத் தண்ணி இப்படி வீங்க வைக்காதும்மா. சோதனையில தெரியலைன்னாலும் உள்ள கிருமிதான் இருக்கணும். முட்டியைத் திறந்து கழுவிடலாம்" என்கிறார். 26ஆம் தேதி ஆபரேஷன். பயமாக இருக்கிறது. திறந்த பிறகு சிலருக்குக் கால் முன்போல மடங்காதாம், முன்கூட்டியே சொல்லிவிட்டார். மடங்காத காலோடு சலவைக்கூடத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்?

நீ அங்கேயே இருப்பவள். உனக்கு ஏதாவது தெரிந்தால், ஏதாவது தோன்றினால்கூட, 26க்குள் சொல்லிவிடு.

அக்கா

மார்ச் 25

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உனக்குப் போனது மருந்துதான். அன்று ஊசிகளைத் தட்டில் எடுத்து வைத்தது நான். உன் எண் பதினேழு, பெயின்டருடையது பதினெட்டு. சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து இரண்டையும் சாய்த்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் காற்றுக் குமிழ் சட்டென்று மேலே ஓடிவிடும். மருந்து கெட்டியானது, குமிழ் மெதுவாக நகரும். உன் ஊசியில் குமிழ் ஓடியது, அவருடையதில் மெதுவாக நகர்ந்தது. இத்தனை வருஷம் நின்றே தேய்ந்த காலுக்கு உப்புத் தண்ணீரா என்று மனசு கேட்கவில்லை. எண்களை மாற்றி ஒட்டினேன்.

கிருமி இல்லை அக்கா. பத்துப் பேருக்கு அடங்குகிற எதிர்ப்பு அணுக்கள் உன் உடம்பில் மட்டும் அந்த மருந்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. உன் ரத்தத்தைப் பார்த்த அன்றே புரிந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. காரணம் மட்டும் சொல்லாதே. தெரிந்தால் என் வேலை போய்விடும், இனி எந்த ஆய்வகமும் சேர்க்காது. படித்ததும் கிழித்துப் போடு.

உன் நல்லதுக்காகத்தான் செய்தேன்.

வாலு

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் 28ஆம் தேதி வந்தது. 26ஆம் தேதியே முட்டியைத் திறந்துவிட்டார்கள். உள்ளே கிருமி இல்லை. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. இனி இந்தக் கால் பாதிக்கு மேல் மடங்காதாம். சலவைக்கூடத்தில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஊசியை மாற்றியதற்கு உன்னைத் திட்ட மனசு வரவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் மாற்றியிருப்பேனோ என்னவோ. ஆனால் 26ஆம் தேதி என்று தெரிந்தும் 25 வரை வாய் திறக்காமல் இருந்தாயே. காது போனது எனக்குத்தான், உன் அத்தானுக்கு நன்றாகவே கேட்கும். ஒரு போன் போட்டிருக்கலாம்.

நேற்று பெயின்டர் அண்ணன் பார்க்க வந்தார். "என் உறையையும் பிரிச்சுப் பார்த்தாங்களாம், மருந்துதான் போயிருக்காம். அந்த நல்ல மருந்தே எனக்குக் கேக்கலைம்மா. மூட்டையே மாத்தணும்கிறாங்க" என்று கண் கலங்கினார். அவருக்குப் போனது வெறும் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அடுத்த மாதம் இன்னும் நாற்பது பேருக்கு ஊசி போடப்போகிறார்களாம். அதில் என் உடம்பு மாதிரி யாராவது வீங்கினால் இங்கே எந்த டாக்டருக்குக் காரணம் தெரியும்?

நீ கிழித்துப் போடச் சொன்ன கடிதத்தை இன்று காலை டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். உன் பெரிய டாக்டருக்கு அனுப்புவதாகச் சொன்னார். இது உன் கைக்கு வரும்போது அதுவும் அங்கே வந்திருக்கும்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ இப்போதைக்கு இங்கே வர வேண்டாம்.

அக்கா