அக்காவின் கட்டம் போட்ட துணி

மார்ச் 4
அக்காவின் வலது கண்ணில் இன்று மூன்றாவது ஊசி. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. அவற்றை வளரத் தூண்டும் புரதத்தை மருந்து பிடித்து வைத்துக்கொள்ளும். "குத்து எனக்கு, அழுகை உனக்கா?" என்றாள். தையல்காரி, ஊசிக்குப் பயப்படமாட்டாள்.

மார்ச் 11
ஆய்வகத்தில் என் வேலையும் இதே சண்டைதான். செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகளில் உட்கார இரண்டு வளர்ச்சிப் புரதங்களுக்குள் போட்டி, பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இன்று முதலாவதை மட்டும் தடுத்தேன். காலியான இடத்தில் இரண்டாவது ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. பேராசிரியருக்கு ஒரே குஷி. அக்காவுக்குப் போடுவதும் முதலாவதை மட்டும் தடுக்கிற மருந்துதானே?

மார்ச் 12
தட்டில் வளர்கிற செல் வேறு, அக்காவின் கண் வேறு. வேறுதான்.

மார்ச் 19
கோடுகள் நேராகத் தெரிகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி, டாக்டர் கட்டம் போட்ட தாள் கொடுத்திருந்தார். அக்கா அதை ஒதுக்கிவிட்டு, கட்டம் போட்ட துணியை மேசையில் விரித்துப் பார்ப்பாள். "கோடெல்லாம் நேரா இருக்கு" என்று போனில் சொல்வாள். இன்று நேரில் பார்த்தேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறாள்!

"இடது கண்ண மூடிக்கிட்டு பாக்கணும்க்கா."

"மூடினா கோடு வளையுதுடி. அதான் ரெண்டாலயும் பாக்குறேன்."

ஐயோ. எத்தனை நாளா வளையுது? கேக்கவே பயமா இருக்கு.

மார்ச் 20
ஸ்கேனில் கசிவு கூடியிருக்கிறது. இரண்டாவது புரதத்தைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா ரெண்டையும் பிடிக்கிற மருந்து இருக்கு. மாத்திப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

பாக்கலாம்னா? சரியாகலன்னா?

ஏப்ரல் 2
நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். இதுவரை கூப்பிட்டதே இல்லை. ஆய்வகத்தில் போட்டுக்கொள்ள எனக்குத் தைத்த வெள்ளைக் கோட்டைக் கொடுத்தாள். பை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "அருமைக்கா" என்றேன்.

ஏப்ரல் 17
புது மருந்து போட்டாகிவிட்டது. போன் அடித்தாலே திக்கென்கிறது.

ஜூன் 9
ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். வாசலுக்கு ஓடினேன். என் கோட்டையே முறைத்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"அடிப்பாவி, மத்த தையலெல்லாம் நேராத்தான் தெரியுது, பைய மட்டும் இவ்வளவு கோணலா தைச்சிருக்கேன், அருமைன்னியே! கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். கோட் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வாசலிலேயே நின்று அழுதேன்.