முயலுக்கு அனுப்பிய அகத்தி

மணலூர்பேட்டை
4.8.2024

அன்புள்ள தேவி அக்காவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. மரத்துப்போன விரல்களுக்கு வேலை கொடுக்க, தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கம்பு ஊன்றி மாட்டுக்கொட்டகை வரை நடக்கிறேன்.

அம்மா இன்னும் உன் போனை எடுப்பதாக இல்லை. "முயலுக்குக் காலு வராமப் பண்ணிக்கினு இருக்கா. அந்தப் பாவந்தான் எம் புள்ள காலப் புடிச்சிச்சி" என்கிறாள். அப்படி என்னதான் செய்கிறாய்? மறைக்காமல் எழுது.

உன் தம்பி
சிவசங்கர்

சென்னை
11.8.2024

அன்புத் தம்பி சிவாவுக்கு,

உன் கோணல் எழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன்.

மின்கம்பிக்கு இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த உறையின் புரதத்தை முயலுக்கு ஊசியில் போடுகிறோம். முயலின் உடம்பு அதைப் பகை என்று நினைத்து ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது, பிறகு தன் சொந்த நரம்புறையையே தாக்குகிறது. பின்னங்கால் துவண்டுவிடும். காதில் ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. உனக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகு, உன் உடம்பு உன் நரம்புக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். உன் நோயை டாக்டர்கள் புரிந்துகொண்டதில் இப்படிப்பட்ட முயல்களுக்கும் பங்கு உண்டு.

கடைசியில் மயக்கம் கொடுத்துக் கொன்றுவிடுவோம். இது பாவமே இல்லை என்று அம்மாவிடம் சொல்ல மாட்டேன். வேலையை விடவும் மாட்டேன். ஒரு தடவை என்னோடு பேசச் சொல்லடா.

உன் அக்கா
தேவிப்ரியா

மணலூர்பேட்டை
18.8.2024

அக்கா,

நேற்று உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். கொல்வதைப் பற்றிய இடம் வந்ததும் அம்மா எழுந்து போய்விட்டாள். இன்று காலை ஒரு கட்டு அகத்திக்கீரை ஒடித்து வந்தாள். எனக்கு மருந்து முறிந்துவிடும் என்று வீட்டில் அகத்தி ஆக்குவதே இல்லை. மாட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

"பசுவுக்குப் போட்டா பாவம் போவும்னா, முயலுக்குப் போட்டாலும் போவும். அவ கையால போடச் சொல்லு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பழனி அண்ணன் சென்னைக்கு பஸ் ஏறுகிறார். கீரையையும் இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

சிவா

சென்னை
20.8.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கீரை வாடாமல் வந்து சேர்ந்தது. ஆனால் வெளியிலிருந்து ஒரு தழைகூட முயல் கூண்டுக்குள் போகக்கூடாதம்மா, சோதனை கெட்டுவிடும். போட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. பாதியை டீக்கடைக்காரர் பசுவுக்குக் கொடுத்தேன். மீதியை நானே பொரியல் செய்து தின்றேன்.

கோபம் இருந்தால் நன்றாகத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் மகள்
தேவி

மணலூர்பேட்டை
26.8.2024

அக்கா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"போடலன்னு உள்ளதச் சொன்ன பாரு, அது போதும். முயலு சமாச்சாரம் எனக்கு இன்னும் ஒப்பல. அகத்தி கசக்குமே, தேங்கா ஜாஸ்தியா போட்டியா, இல்ல அப்படியே தின்னுட்டியா? இன்னா பண்ணன்னு போன்ல சொல்லு. நான் எடுக்கறேன்."

இப்படிக்கு
அம்மா லட்சுமியம்மாள்
எழுதியது சிவா